ஐஸ்கிரீம், குச்சி ஐஸ், ஜிகர்தண்டா: யாருக்கு, எவ்வளவு, எப்போது? ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் பல வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். பிள்ளை ஐஸ் கேட்கும். அம்மா சளி பிடிக்கும் என்பார். தாத்தா "ஒண்ணுதானே, வாங்கிக் கொடு" என்பார். அவருக்கே சர்க்கரை நோய் இருக்கும், ஆனாலும் பேரனின் கோனில் ஒரு கடி கடித்துக்கொள்வார். இந்த வழக்கில் எல்லோரும் குளிர்ச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியது சர்க்கரையைப் பற்றி. ஒரு ஐஸில் எவ்வளவு சர்க்கரை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வாரத்துக்கு எத்தனை ஐஸ், அதே நாளில் வேறு என்னென்ன இனிப்பு உள்ளே போனது என்ற கணக்கைத்தான் நாம் போடுவதே இல்லை.

நேரடியான பதில் வேண்டும் என்பவர்களுக்கு: நலமாக இருக்கும் ஒருவர் வாரத்தில் ஓரிரு முறை சிறிய கப் ஐஸ்கிரீம் சாப்பிடுவதால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் என்றால் சின்னவர்களுக்கும் கெடுதல், பெரியவர்களுக்கும் கெடுதல். 2 வயது நிரம்பாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். இனி, இதை வீட்டில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: குளிர்ச்சி இனிப்பை மறைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

உருகி வழிந்த ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதே பொருள் உறைந்திருந்தபோது அளவான இனிப்பாகத்தான் இருந்தது. நாக்கில் இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற ஒரு புரதம் இருக்கிறது. சூடு ஏற ஏற அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் மந்தமாகிவிடும். 2005-ல் வந்த ஒரு ஆய்வு இதை விளக்கியது. ஆகவே உறைந்த பண்டத்தில் இனிப்பு தெரிய வேண்டுமானால் கூடுதலாகச் சர்க்கரை போட்டாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை, நீர் உறையும் வெப்பநிலையைக் குறைக்கிறது. அது இல்லையென்றால் ஐஸ்கிரீம் கரண்டி இறங்காத பாறையாகிவிடும். அந்த மென்மைக்கும் சர்க்கரைதான் பொறுப்பு. அதனால்தான் "சர்க்கரை கம்மியா போட்ட ஐஸ்கிரீம்" கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. நாக்கை நம்பி அளவைக் கணிக்க முடியாது, லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

படி 2: கையில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, வெறுமனே "ஐஸ்கிரீம்" என்று எழுத வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு 2.5 சதவீதத்துக்கு மேலே, 10-க்குக் கீழே இருந்தால் அது நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம். பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைச் சேர்த்திருந்தால் அதன் பெயர் "ஃப்ரோசன் டெசர்ட்". கப்பின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

ஃப்ரோசன் டெசர்ட் என்றாலே வனஸ்பதி, விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே நம்ப வேண்டாம். உணவில் இருக்கும் எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு (வனஸ்பதியில் பயப்பட வேண்டிய, இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு) 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் நிறைகொழுப்பு மிகுந்தவை. பால் கொழுப்பும் அதில் குறைந்ததல்ல. பணம் கொடுத்து வாங்குபவருக்குப் பாலா எண்ணெயா என்று தெரிய வேண்டியது நியாயம். அதற்காகச் சண்டை போடும் நேரத்தில், இரண்டிலும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவு என்பது மறந்துபோகிறது.

குச்சி ஐஸ், ஆரஞ்சு ஐஸ் எல்லாம் பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும் நிறமும்தான். கொழுப்பு இல்லை, கலோரி குறைவு என்பது உண்மை. அதே சமயம் புரதமோ கால்சியமோ சொல்லும்படி இல்லை. கொழுப்பு இல்லாததால் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகமும் கூடுதல். பால் ஐஸ் இவற்றைவிடக் கொஞ்சம் தேவலை. குல்பியில் பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் பாலின் சத்தும் செறிவாக இருக்கும், கலோரியும் செறிவாக இருக்கும்.

மதுரை ஜிகர்தண்டாவைத் தனியாகக் கணக்கிட வேண்டும். காய்ச்சிய பால் ஒரு இனிப்பு, நன்னாரி சர்பத் இரண்டாவது, மேலே வைக்கும் ஐஸ்கிரீம் மூன்றாவது. பாதாம் பிசினில் மட்டும்தான் இனிப்பு இல்லை. ஃபலூடாவும் இதே கதைதான். இவற்றில் ஒரு டம்ளர் என்பது ஒரு ஐஸ் அல்ல, அன்றைய இனிப்பு முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போனால் குடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருவராகப் பகிர்ந்து குடிப்பது நல்லது.

படி 3: லேபிளில் மூன்று இடங்களைப் படியுங்கள்

முதலில் அளவு. ஐஸ்கிரீமை மில்லிலிட்டரில் விற்கிறார்கள், சத்து விவரத்தை 100 கிராமுக்குப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஐஸ்கிரீமுக்குள் காற்றை அடித்து ஏற்றியிருப்பதால் 100 மில்லி கப்பின் எடை பெரும்பாலும் 50 முதல் 60 கிராம்தான் வரும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பதே விதி. எடை போட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மில்லியில் சுமார் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சேர்க்கப்பட்ட சர்க்கரை. மொத்தச் சர்க்கரை என்ற வரியில் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸும் சேர்ந்திருக்கும். நமக்கு வேண்டியது அதன் கீழே இருக்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரை வரி. 100 கிராமுக்கு 16 கிராம் என்று போட்டிருந்தால், 55 கிராம் எடையுள்ள கப்பில் சுமார் 9 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. இது மோசமில்லை. அதே கணக்கில் 700 மில்லி பேமிலி பேக்கை நாலு பேர் ஒரே இரவில் முடித்தால் ஆளுக்கு 15 கிராமைத் தாண்டும். பெரிய சாக்லேட் கோன், சாக்லேட் முலாம் பூசிய பார் இவற்றில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் சேர்ந்து ஒன்றிலேயே அந்த அளவை எட்டிவிடும்.

மூன்றாவது, சதவீதம். ஒருமுறை சாப்பிடும் அளவு அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கானது. சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு ஒரு நாளைக்கு 50 கிராம். சின்னப் பிள்ளைக்கு அந்த அளவு பொருந்தாது. குழந்தைக்கு வாங்கும்போது அந்தச் சதவீதத்தை இரட்டிப்பாக்கிப் படியுங்கள். 18 என்று இருந்தால் 36.

படி 4: அன்றைய கணக்கோடு சேருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட பரிந்துரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், சுமார் ஆறு தேக்கரண்டி. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,300, 1,400 கலோரி போதும். அதில் 5 சதவீதம் சுமார் 17 கிராம்தான். அமெரிக்க இதயச் சங்கம் 2 முதல் 18 வயது வரை 25 கிராமுக்குக் கீழே என்றும், 2 வயதுக்குள் சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்றும் 2016-ல் சொன்னது.

இப்போது நம் வீட்டு நாளைப் பாருங்கள். காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒரு டீ, சாயங்காலம் ஒரு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஆறு தேக்கரண்டி அதிலேயே முடிந்தது. பிள்ளைக்குக் காலையில் பாலில் கலக்கும் சத்துமாவு பவுடரில் சர்க்கரை, அதன் மேல் ஒரு கரண்டிச் சர்க்கரை, பள்ளி டப்பாவில் கிரீம் பிஸ்கட், மாலையில் டெட்ரா பாக்கெட் ஜூஸ். ஐஸ் கேட்கும் நேரத்துக்கு முன்பே ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. ஆசையாகக் கேட்கும் ஐஸை மறுத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஊற்றும் சர்க்கரையை விட்டுவைக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆதங்கம். காபியில் ஒரு கரண்டி குறைத்து, பவுடரை நிறுத்தி வெறும் பால் கொடுத்து, அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை ஒரு ஐஸ் வாங்கித் தருவது எல்லா விதத்திலும் நல்ல பேரம்.

"நாங்கள் நாட்டுச்சர்க்கரை போட்டுத்தான் செய்கிறோம்" என்று சொல்லி விற்கும் குல்பிக் கடைகள் இப்போது நிறைய. கருப்பட்டி, வெல்லம், தேன் எதுவானாலும் உடலுக்கு அது சர்க்கரைதான். தாதுச் சத்து கொஞ்சம் கூடுதல் என்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது. வாசனைக்காகவும் ருசிக்காகவும் கருப்பட்டிக் குல்பி சாப்பிடுங்கள், சத்துக்காக வேண்டாம்.

படி 5: நேரத்தை முடிவுசெய்யுங்கள்

பல்லைப் பொறுத்தவரை அளவைவிட எண்ணிக்கை முக்கியம். சர்க்கரை வாயில் பட்டதும் பாக்டீரியா அமிலம் சுரக்கும். வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் கப் ஒருமுறைதான் தாக்கும். அரை மணி நேரம் சப்பிக்கொண்டே இருக்கும் குச்சி ஐஸ் அந்த நேரம் முழுவதும் தாக்கும். ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவைகளில் சிட்ரிக் அமிலமும் சேர்ந்திருக்கும்.

எனவே ஐஸை மதியச் சாப்பாட்டோடு ஒட்டிக் கொடுங்கள். வயிறு நிறைந்திருப்பதால் அளவும் தானாகக் குறையும், உமிழ்நீரும் நன்றாகச் சுரந்திருக்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். முடிந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், அரை மணி கழித்துத் துலக்கினால் போதும். இரவு பல் துலக்கிய பிறகு ஐஸ் கிடையாது என்பதை மட்டும் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு, அப்போது பல்லுக்குக் காவல் இல்லை.

படி 6: சிலருக்குத் தனி விதி

சர்க்கரை நோய் உள்ளவர்கள். மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றும், 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் முன்நிலையில் இருக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். அதாவது ஏழு பெரியவர்களில் ஒருவர். அவர்களுக்கு ஐஸ்கிரீம் ஆயுசுக்கும் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் எப்போதாவது ஒரு சிறிய கப், அன்றைய சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் தன் உடம்பு எப்படி ஏற்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று மிக முக்கியம்: சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி வியர்க்கும்போது ஐஸ்கிரீம் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர்தான் அப்போது உதவும்.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதியிருப்பதை வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால், சார்பிடால் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். அதோடு மாவுச்சத்தும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. எடை குறைப்பதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

கர்ப்பிணிகளும் முதியவர்களும் முறையாகத் தயாரித்து மூடிய கப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. லிஸ்டீரியா என்ற கிருமி உறைநிலையிலும் சாகாது. 2015-ல் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் ஐஸ்கிரீமால் பரவிய தொற்றில் 10 பேர் பாதிக்கப்பட்டு 3 பேர் இறந்தார்கள். பால் சாப்பிட்டால் வயிறு உப்பும் பெரியவர்களுக்கு ஐஸ்கிரீமிலும் அதேதான் நடக்கும், அவர்களுக்குக் குச்சி ஐஸ் ஒத்துப்போகும்.

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கடைகளில் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும், பாதி உறைந்த ஸ்லஷ் பானங்களில் சர்க்கரைக்குப் பதில் கிளிசரால் சேர்ப்பது உண்டு. சின்னப் பிள்ளைகள் வேகமாகக் குடித்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் நிலை வரலாம். 7 வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2025-ல் அறிவித்தது.

படி 7: தெருவண்டி ஐஸை எடைபோடுங்கள்

இங்கே சர்க்கரையைவிடத் தண்ணீர்தான் பெரிய கேள்வி. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா இவற்றைப் பரப்பும் கிருமிகள் பனிக்கட்டியில் உயிரோடு இருக்கும். மீன் மீது கொட்டும் பார் ஐஸைச் சீவி மேலே கலர் ஊற்றித் தருவதை எந்தக் குழந்தைக்கும் வாங்காதீர்கள். உறையில் தயாரிப்பாளர் பெயர், தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ்கிரீமின் மேல் கரகரவென்று பனித்துகள் படிந்திருந்தாலோ, கப் ஒரு பக்கம் சரிந்து உறைந்திருந்தாலோ அது உருகி மறுபடி உறைந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறம் அடுத்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து, தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில், பெயரில்லாத உறையில் வரும் ஐஸையும் அதே சந்தேகத்தோடு பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட நிறங்களிலும் டார்ட்ரசின் போன்ற சில, சில குழந்தைகளிடம் துறுதுறுப்பைக் கூட்டக்கூடும் என்று 2007-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஐரோப்பாவில் 2010 முதல் அவற்றின் லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். லேபிளில் இந்த நிறங்களுக்கான ஐஎன்எஸ் குறியீட்டு எண்களை, 102, 110, 122, 124 என்று தேடுங்கள்.

புகை கக்கும் ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் வேண்டாம். திரவ நைட்ரஜன் முழுவதும் ஆவியாகும் முன் விழுங்கினால் உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகும், துளையே விழலாம். 2024-ல் கர்நாடகத்தில் ஒரு சிறுவன் புகை பிஸ்கட் தின்று துடித்த காணொளி பரவியதும் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. பொருட்காட்சிகளில் இன்னும் விற்கிறார்கள். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் மட்டும் இறங்கிவராதீர்கள்.

படி 8: வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைச் சலித்தெடுங்கள்

சளி வைரஸால் வருகிறது, ஐஸால் அல்ல. டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் குளிர்ந்த ஐஸ்கிரீம் தரச் சொல்லும் மருத்துவர்களே உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ள சில குழந்தைகளுக்குக் குளிர்ந்த பொருள் இருமலைத் தூண்டும். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஆவதைக் கண்ணால் பார்த்திருந்தால் பாட்டி சொல்வது சரிதான். ஐஸ் தின்றதும் தாகம் எடுப்பதைத்தான் "சூடு" என்கிறோம். சர்க்கரை அதிகமானால் உடல் தண்ணீர் கேட்கும், ஒரு டம்ளர் கொடுத்தால் தீரும். சர்க்கரை தின்றால் பிள்ளை ஆட்டம் போடும் என்பதைப் பல ஆய்வுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அவற்றைத் தொகுத்த 1995-ம் ஆண்டுக் கட்டுரை அப்படி ஒரு தொடர்பு இல்லை என்றே முடித்தது. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் குதிப்பது விழாவினால்.

படி 9: வீட்டிலேயே உறைய வையுங்கள்

தொடக்கத்துக்கு எளிதானது வாழைப்பழம். நன்றாகக் கனிந்த பழத்தை வட்டமாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினால் முதலில் பொடிப்பொடியாக உதிரும், ஓரிரு முறை கரண்டியால் வழித்துவிட்டால் திடீரென்று ஐஸ்கிரீம் போலவே குழையும். ஒரு கரண்டி கோகோ பவுடரோ ஏலக்காயோ போதும், சர்க்கரை தேவைப்படாது.

மாம்பழப் பருவத்தில் பழச்சதையைப் பொடியாக நறுக்கிக் கெட்டித் தயிரில் கலந்து அச்சில் ஊற்றி, குச்சி செருகி வையுங்கள். பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உறைந்தபின் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சர்க்கரை இல்லாததால் கல் போல உறையும். எடுத்ததும் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள். நுங்கைத் தோல் நீக்கி நசுக்கி இளநீரில் கலந்தும் இதேபோல் செய்யலாம். நன்னாரி சர்பத் ஊற்றுவதாக இருந்தால் ஒரு குச்சிக்கு ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீர் சேர்க்கும் எதற்கும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரே வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு உறைந்த முழுத் திராட்சை, பெரிய பழத்துண்டு கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அச்சு இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளரே போதும். டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் கழன்று வரும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் ஒரு மாதம் வரை தாராளமாக வைத்திருக்கலாம். மின்வெட்டில் முழுவதும் உருகிப்போனதை மட்டும் மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள்.